சிறு பண்ணையில் லாமா வளர்ப்பது எப்படி

லாமா ஆண்டிஸ் மலைத்தொடரின் விலங்கு. பெரு, பொலிவியா நாடுகளின் உயர்நிலப் புல்வெளிகளில் குவானாக்கோ என்னும் காட்டு விலங்கிலிருந்து பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பழக்கி எடுக்கப்பட்ட, ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த இந்த விலங்கை, அங்குள்ள மக்கள் இன்றும் சுமைக்கும் உரோமத்துக்கும் இறைச்சிக்கும் வளர்த்து வருகின்றனர். வட அமெரிக்காவில் அதன் வாழ்க்கை வேறு விதமானது. ஐந்தாறு ஏக்கர் நிலம் வைத்திருக்கும் குடும்பங்கள் ஆட்டு மந்தைக்குக் காவலாகவும், மலைப்பாதைகளில் சுமை கொண்டு செல்லவும், நூற்பதற்கு உரோமம் எடுக்கவும், சில வேளைகளில் வெறும் விருப்பத்துக்காகவும் அதை வளர்க்கின்றன. இந்த வழிகாட்டி அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில், மேற்குப் பகுதியிலுள்ள வில்லமெட் பள்ளத்தாக்கின் சிறு பண்ணைகளை மனத்தில் கொண்டு எழுதப்படுகிறது. மழையும் மூட்டமும் நிறைந்த நீண்ட குளிர்காலம், வறண்ட கோடை, செழித்த புல் ஆகிய மூன்றும் அங்கு லாமா வளர்ப்பின் எல்லா முடிவுகளையும் பாதிக்கின்றன.

தொடங்குவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சத்துக் குறைந்த மலைப்புல்லைத் தின்று பிழைக்கப் பழகிய விலங்கு இது. ஆகையால் போதிய அளவு கொடுக்காமல் லாமாவைக் கெடுப்பவர்களைவிட, அளவுக்கு மிஞ்சிக் கொடுத்துக் கெடுப்பவர்களே சிறு பண்ணைகளில் அதிகம். மிகையான தீவனம், குட்டியிடம் காட்டும் மிகையான செல்லம், கோடையிலும் கத்தரிக்காமல் விட்ட அடர்ந்த உரோமம் ஆகியவற்றால் வரும் துன்பங்களே இந்தப் பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும்.

எத்தனை, எவை வாங்குவது

லாமா மந்தை விலங்கு. தனியாக நிற்கும் லாமா ஏங்கிப்போகும். குறைந்தது இரண்டையாவது வாங்க வேண்டும். முதல் முறை வளர்ப்பவர் விதைநீக்கம் செய்யப்பட்ட இரண்டு ஆண்களை வாங்குவதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. அவை சண்டையிடுவது குறைவு, இனப்பெருக்கச் சிக்கல் இல்லை, விலையும் சில நூறு டாலர்களிலேயே தொடங்குகிறது. 1980களில் அமெரிக்காவில் நல்ல பெட்டை லாமாக்கள் பெருந்தொகைக்கு விலைபோன காலம் ஒன்று இருந்தது. அந்த விலை பின்னர் சரிந்துவிட்டது. ஆகவே குட்டி விற்று வருமானம் பார்க்கும் எண்ணத்துடன் ஒரு கிடாவையும் ஒரு பெட்டையையும் சேர்த்து வாங்குவோர், இரண்டே ஆண்டுகளில் விற்க முடியாத குட்டிகளுடன் நிற்க நேரிடலாம்.

வளர்ந்த லாமா 130 முதல் 200 கிலோ வரை எடை கொண்டது. தலை மனிதனின் தலைக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ நிற்கும். 15 முதல் 20 ஆண்டுகள் வாழும். வாங்கும்போது விற்பவர் முன்னிலையில் அதற்குத் தலைக்கயிறு மாட்டச் சொல்லி, நடக்கச் சொல்லி, ஒவ்வொரு காலையும் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். இவற்றுக்கு இணங்காத விலங்கு உங்கள் பண்ணைக்கு வந்த பின் தானாக இணங்கிவிடாது. முன்பின் அறியாத மனிதரைக் கண்டதும் சற்று ஒதுங்கி நின்று நோக்கும் லாமா நல்ல லாமா. வேலியோரம் ஓடிவந்து மார்போடு உரசி, முகத்தருகே முகம் கொண்டுவரும் ஆண் லாமாவைக் கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது. அதன் காரணம் கடைசிப் பகுதியில் வருகிறது.

நிலம், வேலி, கொட்டகை

நல்ல மேய்ச்சல் உள்ள ஓர் ஏக்கரில் மூன்று அல்லது நான்கு லாமாக்களை வைக்கலாம். நிலத்தை மூன்று நான்கு பகுதிகளாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய விட்டால் புல்லும் தழைக்கும், குடற்புழுக்களின் பெருக்கமும் குறையும். லாமாக்கள் ஒரே இடத்தில் புழுக்கையிடும் பழக்கம் உடையவை என்பதால் நிலத்தைச் சுத்தம் செய்வது ஆடு மாடுகளைவிட எளிது. அந்தக் குவியல்களை வாரத்துக்கு ஒரு முறையேனும் அள்ளிவிட வேண்டும். அள்ளிய எருவைக் காய்கறித் தோட்டத்தில் அப்படியே போட்டாலும் செடிகளின் வேரைச் சுடாது. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் கேட்டு வாங்கிச் செல்வார்கள்.

வேலி லாமா வெளியே போகாமல் தடுப்பதற்காக மட்டும் அன்று. பின்னல் கம்பிவலையில் நான்கு அடி உயரமே லாமாவுக்குப் போதும் என்றாலும், ஊர் நாய்களை நினைத்து ஐந்தடியாக அமைப்பது நல்லது. சிறு பண்ணைகளில் லாமாவைக் கடித்துக் குதறுவது பெரும்பாலும் யாரோ அவிழ்த்துவிட்ட வீட்டு நாய்தான். முள்கம்பி கூடாது. கொட்டகைக்கு மூன்று பக்கச் சுவரும் கூரையும் போதும், ஆனால் வில்லமெட் பள்ளத்தாக்கின் குளிர்கால மழையில் தரை சேறாகாதபடி சரளைக்கல் பரப்பி மேடாக்க வேண்டும். தலைக்கு 30 முதல் 40 சதுர அடி இடம் இருக்கட்டும். கொட்டகையை ஒட்டிப் பத்தடிக்குப் பத்தடி அளவில் ஒரு சிறு பட்டி கட்டி, அன்றாடத் தீவனத்தை அங்கேயே வைத்துப் பழக்கிவிட்டால், பிடிக்க வேண்டிய நாளில் வயல் முழுவதும் துரத்த வேண்டியிராது.

தீவனம்

லாமாவுக்கு மூன்று அறைகள் கொண்ட இரைப்பை. அது அசைபோடும், கரடுமுரடான புல்லிலிருந்தும் சத்தைப் பிழிந்து எடுத்துக்கொள்ளும். நாளொன்றுக்கு உடல் எடையில் சுமார் 1.5 முதல் 2 விழுக்காடு உலர்தீவனம் போதுமானது. 150 கிலோ எடையுள்ள லாமாவுக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் கிலோ உலர்புல் என்று கொண்டால், மேய்ச்சல் இல்லாத ஆறு மாதங்களுக்கு ஒன்றுக்கு அரை டன் அளவில் தேவைப்படும். சிந்திச் சிதறுவதற்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். ஆர்ச்சர்ட் புல், திமோத்தி போன்ற புல்வகைகளின் உலர்புல்லே ஏற்றது. புரதம் 8 முதல் 10 விழுக்காடு இருந்தால் வளர்ந்த லாமாவுக்கு நிறைவு. அல்ஃபால்ஃபா எனப்படும் குதிரைமசால் தீவனப்பயிர் புரதமும் சத்தும் மிகுந்தது. பால் கொடுக்கும் தாய்க்கும், மெலிந்துபோன கிழட்டு விலங்குக்கும் தவிர மற்றவற்றுக்கு அதைக் கொட்டினால் ஓராண்டுக்குள் கொழுத்துவிடும். கொழுத்த லாமா வெப்பத்தைத் தாங்காது, மூட்டுகள் தேயும், சினை பிடிப்பதும் கடினமாகும்.

இந்தப் பள்ளத்தாக்குக்கே உரிய ஓர் ஆபத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். உலகச் சந்தைக்குப் புல் விதை விளைவிக்கும் முக்கியப் பகுதிகளில் இது ஒன்று. விதை எடுத்த பின் எஞ்சும் ரை புல்லின் வைக்கோலும் உயரமான ஃபெஸ்க்யூ புல்லின் வைக்கோலும் மிகவும் மலிவாகக் கிடைக்கும். ஆனால் பூச்சிகளை எதிர்ப்பதற்காக இப்புற்களின் உள்ளே குடியிருக்கும் ஒருவகைப் பூஞ்சை, கால்நடைகளின் நரம்புகளையும் இரத்தக் குழாய்களையும் தாக்கும் நஞ்சுகளை உண்டாக்குகிறது. ரை புல் வைக்கோலைத் தின்ற லாமாவின் தலை முதலில் மெல்ல நடுங்கும். பின்னர் விரட்டினாலோ திடுக்கிட்டாலோ கால்கள் பின்னிக்கொண்டு தடுமாறி விழும். அந்த வைக்கோலை உடனே நிறுத்தினால் பெரும்பாலும் தேறிவிடும், ஆனால் விழுந்த இடத்தில் காயப்படவோ நீரில் மூழ்கவோ வாய்ப்புண்டு. கார்வாலிஸ் நகரிலுள்ள ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இந்த நஞ்சுகளின் அளவைச் சோதித்துச் சொல்லும் ஆய்வகமே இருக்கிறது. ஆகவே விதைப் பண்ணை வைக்கோலைச் சோதனைச் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்; படுக்கைக்கு என்று போட்டாலும் லாமா அதைத் தின்றுவிடும்.

தாது உப்பு தேவை, ஆனால் கட்டியாக வைத்தால் பயனில்லை. லாமாவின் நாக்கு வாய்க்கு வெளியே நீளாது என்பதால் உப்புக்கட்டியை நக்கிப் போதிய அளவு எடுத்துக்கொள்ள அதனால் முடியாது. தூளாகத் தட்டில் வைக்க வேண்டும். மேற்கு ஒரேகானின் மண்ணில் செலினியம் குறைவு, ஆகவே செலினியம் சேர்த்த கலவையைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். மாட்டுக்கும் வெள்ளாட்டுக்கும் உரிய கலவைகளில் தாமிரம் மிகுதியாக இருக்கும். அது லாமாவின் ஈரலில் சேர்ந்து கொல்லும். கோழித்தீவனத்திலும் சில மாட்டுத்தீவனங்களிலும் சேர்க்கப்படும் மொனென்சின், சலினோமைசின் போன்ற மருந்துகளும் அதற்கு நஞ்சு என்பதால், கோழிகளும் லாமாக்களும் இருக்கும் பண்ணையில் தீவனப் பீப்பாய்களுக்கு நன்கு பொருந்தும் மூடி தேவை. அடர்தீவனக் குருணை கொடுப்பதானால் அகலமான தட்டில் பரப்பி, விழுங்க முடியாத பெரிய கூழாங்கற்கள் சிலவற்றையும் அதில் போட்டுவையுங்கள். அவசரமாக அள்ளி விழுங்கினால் தொண்டை அடைக்கும்.

ஒரேகான் வீட்டுத் தோட்டங்களில் எங்கும் காணப்படும் ரோடோடென்ட்ரான், அசேலியா செடிகளின் இலை சில வாய் தின்றாலே வாந்தியும் நரம்புத் தளர்ச்சியும் வரும். யூ மரத்தின் இலையோ அதனினும் கொடியது. கத்தரித்த தோட்டக் குப்பையை அன்போடு வேலிக்கு மேல் வீசும் அண்டை வீட்டாரிடம் முதல் நாளே சொல்லிவைப்பது நல்லது.

கையாளுதல்

லாமா மூக்கின் வழியாக மூச்சு விடும் விலங்கு. அதன் மூக்கெலும்பு கண்ணுக்குக் கீழே சிறிது தூரமே வரும். அதற்கு முன்னால் இருப்பது மென்மையான குருத்தெலும்பு. தலைக்கயிற்றின் மூக்குப்பட்டை நழுவிக் குருத்தெலும்பின் மேல் இறங்கினால் மூச்சு அடைபட்டு அது மிரண்டு திமிறும். பார்ப்பவர்கள் முரட்டுக் குணம் என்று எண்ணிக்கொள்வார்கள். பட்டை கண்ணுக்கு அருகில், உயரத்தில் உட்காரும்படி கழுத்துப்பட்டையை இறுக்கமாகக் கட்டி, மூக்குப்பட்டையைத் தளர்வாக விட வேண்டும். வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். துப்புவது பெரும்பாலும் லாமாக்களுக்குள் நடக்கும் சச்சரவு. காது பின்னால் மடங்கி முகவாய் மேல்நோக்கி எழும்போது இரண்டடி ஒதுங்கினால் போதும்.

வெயிலும் உரோமமும்

2021 ஜூன் 28 அன்று, வில்லமெட் பள்ளத்தாக்கிலுள்ள சேலம் நகரில் வெப்பம் 117 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. குளிர்ந்த மாநிலம் என்ற எண்ணத்தில் உரோமம் கத்தரிக்காமல் விடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இந்த ஒரு நாளே சான்று. வளர்ப்பவர்கள் பயன்படுத்தும் எளிய கணக்கு ஒன்று உண்டு: ஃபாரன்ஹீட்டில் வெப்பநிலையையும், காற்றின் ஈரப்பத விழுக்காட்டையும் கூட்டுங்கள். 120க்குக் கீழே கவலை வேண்டாம்; 150ஐத் தாண்டினால் கண்காணிப்பு தேவை; 180ஐ எட்டினால் உயிருக்கே ஆபத்து. 95 டிகிரியும் 70 விழுக்காடு ஈரப்பதமும் கூடும் சென்னைக் கோடை நாள் இந்தக் கணக்கில் 165 ஆகும். நம் கடற்கரை ஊர்களில் இவ்விலங்கை வளர்க்க ஆசைப்படுவோருக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஆண்டுக்கு ஒரு முறை, மே மாதத்தில் அல்லது ஜூன் தொடக்கத்தில், குறைந்தபட்சம் முன்கால்களுக்குப் பின்னாலிருந்து இடுப்பு வரை உடலைச் சுற்றிய உரோமத்தைக் கத்தரித்துவிட வேண்டும். தோல் வெயிலில் வெந்துவிடாமல் இருக்க ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக விட்டுக் கத்தரியுங்கள். ஒரு லாமாவிடமிருந்து ஓரிரு கிலோ உரோமம் கிடைக்கும். அதில் மென்மையான உள்ளுரோமமும் முரட்டு மேலுரோமமும் கலந்திருக்கும். நூற்க வேண்டுமானால் முரட்டுப் பகுதியைப் பிரித்தெடுக்க வேண்டும், கயிறும் விரிப்பும் செய்ய அப்படியே பயன்படுத்தலாம்.

வயிறும் தொடையின் உட்புறமும் உரோமம் குறைந்த பகுதிகள். உடல் வெப்பத்தை அது வெளியேற்றுவது அங்கேதான். வெயில் நாளில் தண்ணீரை வயிற்றின் மேலும் கால்களின் மேலும் பீய்ச்ச வேண்டும். முதுகில் ஊற்றினால் நனைந்த உரோமம் உடலோடு ஒட்டி வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். நல்லெண்ணத்துடன் செய்யப்படும் தவறுகளில் இது முதன்மையானது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, எச்சில் வடித்தாலோ, எழ மறுத்தாலோ மருத்துவரை அழைக்கும் வேளை வந்துவிட்டது. கொட்டகையில் மின்விசிறியைக் காற்று தரையோரம் வயிற்றுக்குக் கீழே வீசும்படி வையுங்கள்.

உடல்நலம்

நோய் முற்றும் வரை லாமா தளர்ச்சியைக் காட்டாது. மெலிந்த உடலையும் உரோமம் மறைத்துவிடும். ஆகையால் கண்ணை நம்பக் கூடாது, கையை நம்ப வேண்டும். மாதம் ஒரு முறை முதுகெலும்பின் இருபுறமும் விரல்களை அழுத்திப் பாருங்கள். முதுகெலும்பின் முனையிலிருந்து இருபக்கமும் நேர்க்கோடாகச் சரிந்து இறங்கினால் சரியான நிலை, குழிந்தால் மெலிவு, தட்டையாக, எலும்பே தட்டுப்படாமல் இருந்தால் கொழுப்பு. எடை பார்க்கும் மேடை வாங்க இயலுமானால் அந்தச் செலவு வீண்போகாது. நலமுள்ள வளர்ந்த லாமாவின் உடல் வெப்பம் ஏறத்தாழ 99.5 முதல் 102 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும்.

குடற்புழு நீக்கத்தை நாட்காட்டி பார்த்துச் செய்வது பழைய முறை. புழுக்கையைச் சோதித்து, இரத்தசோகை உண்டா என்று கீழ் இமையின் உட்புற நிறத்தைப் பார்த்து, தேவையான விலங்குக்கு மட்டும் மருந்து கொடுப்பதே இன்று ஏற்கப்படும் முறை; எல்லாவற்றுக்கும் அடிக்கடி கொடுத்தால் மருந்துக்கு அடங்காத புழுக்களே மிஞ்சும். அமெரிக்காவில் பெரும்பாலான மருந்துகள் லாமாவுக்கென்று அங்கீகரிக்கப்பட்டவை அல்ல. ஆட்டுக்கு உரிய அளவு லாமாவுக்குப் பொருந்தாமலும் போகும். அதனால் அளவை மருத்துவரே சொல்ல வேண்டும். தாழ்வான ஈர நிலங்களில் நத்தைகள் வழியாக ஈரல் தட்டைப்புழு பரவுகிறது. அவ்வகை நிலத்தை வேலியிட்டுப் பிரித்துவிடுங்கள். கிழக்கு மாநிலங்களில் வளர்ப்போருக்கு வேறொரு பெருந்தொல்லை உண்டு: வெள்ளைவால் மான்களிடமிருந்து நத்தை வழியாக வரும் மூளைச் சவ்வுப் புழு, முதுகுத்தண்டைத் துளைத்து லாமாவின் பின்னங்கால்களை முடக்கிவிடும்.

மூட்டம் நிறைந்த ஒரேகான் குளிர்காலம் வைட்டமின் டி குறைபாட்டைக் கொண்டுவருகிறது. ஆண்டிஸின் கடும் வெயிலுக்கு அமைந்த உடல், அடர்ந்த உரோமத்துடன் மேகத்தின் கீழ் மாதக்கணக்கில் நிற்கும்போது, வளரும் குட்டிகளின் எலும்பு வளைகிறது. இலையுதிர்காலத்தில் பிறந்த குட்டிகளுக்கு இந்த ஆபத்து மிகுதி என்பதால், குளிர்கால மாதங்களில் அவற்றுக்கு வைட்டமின் டி கொடுப்பது வழக்கமாகிவிட்டது. இவற்றோடு சில மாதங்களுக்கு ஒரு முறை நகம் வெட்டுதல், ஆண்டுக்கு ஒரு முறை டெட்டனஸ் முதலியவற்றுக்கான தடுப்பூசி, இரண்டு மூன்று வயதில் ஆண்களுக்கு முளைக்கும் ஆறு கூரிய சண்டைப் பற்களை மருத்துவரைக் கொண்டு அறுத்தல் ஆகியவற்றையும் செய்ய வேண்டும்.

வேலைக்குப் பழக்குதல்

ஆட்டு மந்தைக்குக் காவலாக வைப்பதானால் மட்டும், இரண்டு என்ற விதி தளர்கிறது. இரண்டு லாமாக்கள் தமக்குள் நட்புக் கொண்டு ஆடுகளை மறந்துவிடும். விதைநீக்கிய ஒற்றை ஆண் லாமாவோ ஆடுகளையே தன் மந்தையாகக் கொள்ளும். ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 1990களில் ஆட்டுப் பண்ணையாளர்களிடம் நடத்திய ஆய்வில், காவல் லாமா வைத்த பின் கொயோட்டி என்னும் ஓநாய் இன விலங்குகளிடமும் நாய்களிடமும் ஆடுகளை இழப்பது பெரிதும் குறைந்தது தெரியவந்தது. ஓநாய்க் கூட்டத்தையோ, பூமா எனப்படும் மலைச் சிங்கத்தையோ அதனால் தடுக்க முடியாது. அவை உலவும் இடத்தில் லாமாவும் இரைதான். விதைநீக்காத கிடாவை ஆடுகளோடு விடவே கூடாது, பெட்டை ஆடுகளின் மேல் ஏறி நசுக்கிவிடும்.

சுமைக்குப் பழக்க இரண்டு வயதில் வெறும் சேணத்துடன் தொடங்கலாம். முழுச் சுமையை நான்கு வயது நிரம்பிய பின்னரே ஏற்ற வேண்டும். உடல் எடையில் கால் பங்கு என்பதே மேல் எல்லை. டென்னசி மாநிலத்தின் கிரேட் ஸ்மோக்கி மலையிலுள்ள லெகாண்ட் விடுதிக்கு, சாலை வசதி இல்லாத மலைப்பாதையில், 1980களிலிருந்தே துணிகளையும் உணவுப்பொருள்களையும் லாமாக்களே சுமந்து செல்கின்றன. மென்மையான பாதங்கள் என்பதால் குதிரைகளைப் போல் அவை பாதையைக் குதறுவதில்லை.

குட்டிகள்

இனப்பெருக்கம் செய்தே தீருவது என்று முடிவெடுத்தவர்களுக்கு மட்டும் இந்தப் பகுதி. பெட்டையை ஒன்றரை முதல் இரண்டு வயதில், வளர்ந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை எட்டிய பின் சேர்க்கலாம். லாமாவுக்குப் பருவச் சுழற்சி இல்லை. இணைசேர்ந்த பின்னரே கருமுட்டை வெளிவருகிறது. ஒன்றிரண்டு வாரங்கள் கழித்து அதே கிடாவை அருகில் கொண்டுவரும்போது பெட்டை துப்பி விரட்டினால் சினை பிடித்திருக்கக் கூடும். ஸ்கேன் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சினைக்காலம் ஏறக்குறைய பதினொன்றரை மாதம். கடுங்கோடையையும் இலையுதிர்காலத்தையும் தவிர்த்து, வசந்தத்தின் இறுதியில் ஈனும்படி திட்டமிட்டால் வெப்பம், வைட்டமின் குறைபாடு ஆகிய இரண்டிலிருந்தும் தப்பலாம்.

உறைபனி இரவுக்கு முன் குட்டி உலர வேண்டிய மலைநாட்டில் தோன்றிய விலங்கு என்பதால், பெரும்பாலும் காலையிலிருந்து பிற்பகலுக்குள் ஈன்றுவிடும். இரவில் முக்கத் தொடங்கினால் சிக்கல் இருக்கிறது என்று எண்ணி மருத்துவரை அழையுங்கள். நாக்கு நீளாததால் தாய் குட்டியை நக்கித் துடைப்பதில்லை. குளிர்ந்த நாளில் துணியால் நீங்களே துடைத்துவிட வேண்டும். தொப்புளில் கிருமிநாசினி தடவுங்கள். 9 முதல் 14 கிலோ எடையுடன் பிறக்கும் குட்டி ஓரிரு மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும், மூன்று மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும். நோய் எதிர்ப்பாற்றல் தாயின் கருப்பை வழியாகக் குட்டிக்குச் சேராது, சீம்பாலில் மட்டுமே வரும். குடித்ததா என்ற ஐயம் இருந்தால், ஓரிரு நாளில் இரத்தம் எடுத்துச் சோதித்து, தேவையானால் மருத்துவர் பிளாஸ்மா ஏற்றுவார். முதல் வாரங்களில் நாள்தோறும் எடை பாருங்கள். எடை ஏறாத குட்டி, துள்ளி விளையாடினாலும் நலமான குட்டி அன்று.

ஆண் குட்டியைப் புட்டிப்பால் கொடுத்து மடியில் வைத்து வளர்ப்பது, சிறு பண்ணைகளில் நிகழும் கொடுமையான அன்பு. அப்படி வளர்ந்தது மனிதனையே தன் இனமாகக் கருதும். பருவம் எய்தியதும் மற்ற ஆண் லாமாவுடன் மோத வேண்டியது வளர்ப்பவரின் மேல் பாயும். 150 கிலோ விலங்கு மார்பால் இடித்துத் தள்ளிக் கடிக்கும்போது தப்புவது எளிதன்று, அந்தக் குணம் வந்த பின் மாற்றுவதும் அரிது. பல லாமாக்கள் இதனாலேயே கருணைக்கொலை செய்யப்பட்டிருக்கின்றன. தாயிடம் பால் இல்லாமற்போனால் குட்டியை மந்தையிலேயே விட்டு, பால் கொடுக்கும் நேரத்தில் மட்டும் சென்று, தடவாமல் கொஞ்சாமல் திரும்பிவிட வேண்டும். ஐந்தாறு மாதத்தில் பால் மறக்கச் செய்து, ஆண் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து வேறு ஆண்களுடன் விடுங்கள். விதைநீக்கத்தை மிக இளமையிலேயே செய்தால் கால் எலும்புகள் அளவுக்கு மீறி நீண்டு மூட்டுகள் பழுதாகும் என்பதால், பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு வயது வரை காத்திருப்பர். ஆனால் புட்டிப்பால் குடித்து மனிதரோடு பழகிவிட்ட குட்டி என்றால் அவ்வளவு காலம் பொறுக்காமல் மருத்துவரிடம் கேட்டு முன்கூட்டியே செய்துவிடுவது நல்லது. அதை விற்க நேர்ந்தால், வளர்ந்த விதத்தை வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.